ஆடின நாளுக்கு அஞ்சு இட்லி... ஆடாத நாளுக்கு?

குரோம்பேட்டையில் நடன வகுப்பு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். புதன் சாயங்காலமும் ஞாயிறு காலையும் ஒன்றரை மணி நேரம் அரைமண்டியில் அடவு. மிச்ச ஐந்து நாள்? கல்லூரி பெஞ்ச், ரயில் சீட், கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி. இப்படி ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். சேலையூர், பல்லாவரம், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒருத்தி இருப்பாள்.

ஆடின நாளில் அவளுக்குக் கணக்கே கிடையாது. "இன்னைக்குத்தான் ஆடியாச்சே" என்று வழியில் இரண்டு பஜ்ஜி, ராத்திரி மூன்று பரோட்டா. மறுநாள் குற்ற உணர்ச்சி வந்துவிடும். காலை டிபன் கட், ராத்திரி வெறும் பால். "இன்னைக்குத்தான் ஆடலையே, எதுக்குச் சாப்பாடு?"

இரண்டு கணக்குமே தப்பு.

முதல் கணக்கைப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள பெண் ஒன்றரை மணி நேரம் சுமாரான வேகத்தில் ஆடினால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 300 கலோரிதான். இட்லியில் சொன்னால் நாலைந்து. பரோட்டாவில் சொன்னால் ஒன்றோடு சரி. "வேர்வை ஆறாகக் கொட்டியதே" என்றால், அதில் பாதி சென்னைப் புழுக்கத்தின் வேலை. வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும். அதற்கு உப்புப் போட்ட மோர் போதும்.

இரண்டாவது கணக்குதான் ஆபத்து. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் வருடப் பரிந்துரைப்படி, அதே 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்தே இருந்தாலும் ஒரு நாளைக்கு 1660 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்பு என்றால் 2130. ஆக, ஆடாத நாளிலும் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே தேவை. இதயமும் மூளையும் லீவு போடுவதில்லையே! தவிர, ஆட்டத்தில் தசைகளில் குறைந்துபோன கிளைக்கோஜன் மறுபடி நிரம்ப ஒரு நாள் வரைகூட ஆகலாம். களைத்த தசை சரியாவதும் ஆடி முடித்த பிறகுதான். வியாழக்கிழமை பட்டினி கிடப்பது, புதன்கிழமை வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் தராமல் அனுப்புவது மாதிரி.

இதையே மாதக்கணக்கில் செய்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேபோகும். எலும்பு வலுவிழக்கும். தரையைத் தட்டித் தட்டி ஆடும் காலில் முழங்காலுக்குக் கீழே மயிரிழை விரிசல் விழலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைமைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயரே வைத்தது. எடை குறையாமலேகூட இது வரும் என்பதால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கி, பிறகு திருவான்மியூரில் வேரூன்றிய கலாக்ஷேத்ரா போன்ற இடத்தில் முழுநேரம் படிப்பவர்களுக்கு அன்றாடம் ஆட்டம் உண்டு. சாப்பாடும் ஒரே சீராக ஓடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆடும் புறநகர்ப் பெண்களுக்குத்தான் இந்த ஏற்ற இறக்கக் குழப்பமெல்லாம்.

வழி ரொம்ப எளிது. மூன்று வேளை சாப்பாட்டை எந்த நாளும் விடக்கூடாது. பருப்பு, காய், கீரை, தயிர், முட்டை இவற்றின் அளவு இரண்டு நாளுக்கும் ஒன்றே. மாறவேண்டியது சோறும் டிபனும் மட்டும். ஆடும் நாளில் வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ, முடித்து வந்ததும் சுண்டலோ தயிர்சாதமோ. ஆடாத நாளில் அந்த இரண்டும் வேண்டாம், மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் போதும். அப்புறமும் பசித்தால்? சாப்பிடவேண்டியதுதான். அது நேற்றைய ஆட்டத்தின் பாக்கி.

மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றாலோ, கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி நின்றாலோ, டயட் சார்ட்டைத் தேடாமல் டாக்டரிடம் போகவேண்டும்.

சலங்கை கட்டாத நாளிலும் உடம்பு அதே உடம்புதானே?