மலைக்கு வந்த விருந்தாளிகள்

வெளிநாடு போய் வந்த நண்பர்கள் கதை சொல்லும்போது கவனித்திருக்கிறீர்களா? கோபுரமும் அருங்காட்சியகமும் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். பேங்காக்கில் டாக்சிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டியது, மதுரையில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி கூப்பிட்டுச் சோறு போட்டது, இவைதாம் விடுதி அறையில் நள்ளிரவு வரை ஓடும்.

எங்கள் பயணத்தில் கடப்பிதழுக்கு வேலை இருக்கவில்லை. போன பருவ விடுமுறையில் நாங்கள் நால்வர், வாடகைக்கு எடுத்த ஒரு பழைய காரில், தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறினோம். அவ்வளவுதான். ஆனால் அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றபோது எங்களைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து வந்தவர்கள். ஒரு கூட்டம் படம் பிடிக்க வந்திருந்தது. இன்னொரு கூட்டம் கொழுந்து வெட்ட வந்திருந்தது. இருவருமே வெளிநாட்டவர். ஒருவருக்குச் 'சுற்றுப்பயணி' என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். மற்றவரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

1885இல் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். மலை அவர் பெயரைப் பெற்றது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பெயரும் வரலாற்றில் இருக்கிறது. சரிவுகளில் காடு வெட்டிச் செடி நட்டவர்களில் நம்மவர் ஏராளம். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. என் பாட்டி அந்த மலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் முதுகில் கூடை மாட்டியவர். ஆகவே மற்ற மூவருக்கும் ஸ்ட்ராபெரி பார்க்கும் பயணம். எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி.

தானா ராத்தாவில் ஒரு கடைக்காரர், வாங்காமல் பழத்தைத் தொட்டுப் பார்த்ததற்காக எங்களை ஏசினார். இன்னொரு கடையில் பசியாறியபோது ஓர் அம்மா, 'படிக்கிற பிள்ளைகள்' என்று சொல்லி இரண்டு தோசைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான்.

தோட்டத்துக்குப் போகும் பாதை மிகக் குறுகல். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். காரை ஓரங்கட்டிவிட்டு நடந்தோம். இப்போது கூடையும் இல்லை, விரலால் கிள்ளுவதும் குறைவு. ஒரு வரிசைச் செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று வெட்டும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள். பின்னால் தொங்கும் பெரிய பையில் கொழுந்து நிறைகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்த ஈரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறுவதைப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும்.

வெள்ளைக்கார இணையர் ஒருவர் அந்த வரிசையருகே நின்றார்கள். அந்தப் பெண் தன் கேமராவைக் காட்டி, தலையசைத்து, 'எடுக்கலாமா?' என்று சைகையாலேயே கேட்டார். இயந்திரம் பிடித்திருந்தவர் சிரித்தார். எடுத்த படத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். சற்று நேரத்தில் வந்த இன்னொரு கூட்டத்தில் ஒரு மனிதர், இயந்திரச் சத்தம் தம் காணொளியைக் கெடுக்கிறது என்று விரலைச் சொடுக்கி நிறுத்தச் சொன்னார். வேலை செய்யும் இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்கிறார்! அவர்களும் நிறுத்தினார்கள்.

அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் எங்கள் நண்பன் ஒருவனும் இருந்தான். நல்லவன், பேரவை நிகழ்ச்சி என்றால் முதலில் வந்து நாற்காலி அடுக்குகிறவன். ஐந்து நிமிடம் கழித்து அவனே தன் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு, கொழுந்துப் பையோடு வந்த ஒருவரைப் பார்த்து, "ஓய் பங்ளா, தெப்பி சிக்கிட்!" என்றான். அவர் ஒதுங்கினார்.

எங்களோடு வந்திருந்த நான்காமவன் என் இடைநிலைப்பள்ளித் தோழன், மலாய்க்காரன். அவன் உடனே, "மாஆஃப் பாங்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வழிவிட்டு நின்றான். பாங், பங்ளா. காதுக்கு எவ்வளவு அருகில் இருக்கிற இரண்டு சொற்கள்! ஒன்று அண்ணன். மற்றது ஆளே இல்லை, வெறும் நாடு. அதுவும் பாதி நாடு.

பிறகு மழை வந்தது. கேமரன் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பனிமூட்டம் இறங்கி, சரிவு மறைந்து, பத்தே நிமிடத்தில் தெப்பமாக நனைந்தோம். கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகை ஒன்று தெரிந்தது. உள்ளே ஏழெட்டுத் தொழிலாளர்கள். அந்தக் கொழுந்துப் பைக்காரரும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் தம் ஆட்களை நகர்ந்து உட்காரச் சொன்னார். குடுவையைத் திறந்து, மூடியிலேயே தே ஓ ஊற்றி, முதலில் நீட்டியது யாரிடம் தெரியுமா? என் நண்பனிடம். நீட்டிக்கொண்டே கேட்டார்:

"சாப்டாச்சா, தம்பி?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பு தம்மை வேலை வாங்கிய தமிழ் மண்டோரிடம் கற்றுக்கொண்டதாம். 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்டாச்சா', 'மழ வருது' என இருபது முப்பது சொற்கள் தெரிந்திருந்தன. மீதியை மலாயில் பேசினோம். ஊர் வங்காளதேசத்தில் சில்ஹெட் பக்கம். அங்கேயும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு என்றார். 'அப்படியானால் ஏன் இவ்வளவு தூரம்?' என்று என் மலாய்த் தோழன் கேட்டதற்கு, விரலால் காசு எண்ணுவதுபோல் காட்டினார். அவர் பெயரைக் கேட்டேன், சொன்னார். இங்கே எழுதவில்லை. ஆண்டுக்காண்டு பெர்மிட் புதுப்பித்து வாழ்கிறவர். வேலை நேரத்தில் யாரோ மாணவர்களுக்குத் தே கொடுத்ததை வைத்து அவருக்கு ஒரு சங்கடமும் வந்துவிடக் கூடாது.

தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் மனனம் செய்தபோது விருந்தோம்பல், இனியவை கூறல் இரண்டும் அடுத்தடுத்த அதிகாரங்கள் என்பது எனக்கு வெறும் வரிசை எண்ணாக இருந்தது. ஒன்பது, பத்து. அந்தத் தகரக் கூரையின் கீழ் இரண்டும் ஒரே மூடியில் வந்தன.

காரில் திரும்பும்போதுதான் சண்டை. "நான் திட்டவில்லையே, எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? அவரே கோபப்படவில்லை" என்றான் நண்பன். சாலையைப் பார்த்தபடியே மலாய்த் தோழன் சொன்னான்: "என் தாத்தா உங்களைக் 'கெலிங்' என்றுதான் சொல்வார். திட்டவில்லை, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம் என்பார். அவர் கடைக்கு வரும் தமிழரும் கோபப்பட்டதில்லையாம்."

ரிங்லெட் வரும்வரை யாரும் பேசவில்லை.

நம் சமூகம் சொற்களுக்காகப் போராடிய சமூகம். 2011இல் 'இந்தர்லோக்' நாவல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலானபோது, அதில் நம்மைக் குறித்து வந்த சொல்லுக்காக நாடு முழுவதும் குரல் எழுப்பினோம். அந்த ஆண்டு முடிவதற்குள் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. எழுப்பியது சரிதான். அந்தக் காது, அடுத்தவனைக் கூப்பிடும்போது மட்டும் ஏன் அடைத்துக்கொள்கிறது?

பெர்மிட் என்ற சொல் எங்கள் வீட்டிலும் உண்டு. 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டியின் அண்ணனும் அவர்களில் ஒருவர். பினாங்கில் ரஜுலா கப்பலில் ஏறினார். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு இல்லை.

அதற்குச் சற்று முன்புதான், 1967 மார்ச்சில், இதே கேமரன் மலையில் ஒரு பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்த அமெரிக்கப் பட்டு வணிகர் ஜிம் தோம்சன் நடக்கப் போய்க் காணாமற்போனார். காவல் துறை, இராணுவம், பூர்வகுடியினர் என்று நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். கிடைக்கவில்லை, இன்றும் அவரைப் பற்றி நூல்கள் வருகின்றன. விருந்தாளியைத் தேடியது முறைதான், குறை சொல்லவில்லை. பாட்டியின் அண்ணன் அந்த மலையிலேயே இருபது ஆண்டுகள் கொழுந்து சுமந்தவர். அவர் எங்கே போனார் என்று கேட்க ஒரு தங்கை மட்டும் இருந்தார்.

அன்றிரவு விடுதியிலிருந்து பாட்டியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நண்பன் சொன்ன சொல்லையும் மறைக்கவில்லை. பாட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஊருல யாரு இருக்கா?" என்று கேட்டார். மனைவியும் ஒரு மகளும் இருப்பதாகச் சொன்னேன். "கடுதாசி போடுறானாமா?" என்றார். தினமும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார்களாம் என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"நிறுவைக் கொட்டாயில இன்னும் ஒழுகுதாய்யா?"

ஒழுகுகிறது என்றேன்.