எங்க வீட்டு டம்ளர்

நம்ம இதழ்களின் அட்டையில் உயர்த்திய முஷ்டி இருக்கும், அறுந்த சங்கிலி இருக்கும், புத்தகத்தோடு அம்பேத்கர் இருப்பார். டம்ளர் வந்தால் டீக்கடை இரட்டைக் குவளையாகத்தான் வரும். வரவேண்டியதுதான். ஆனால் எங்க வீட்டு அடுப்பு மேடையில் கிடக்கிற டம்ளர் அவமானச் சின்னம் இல்லை. ஆயா சீட்டுக் கட்டி வாங்கியது. விளிம்புக்குக் கீழே அதன் பேர் வெட்டியிருக்கிறது. பென்சிலால் அதைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறேன்.

"இன்னாத்துக்குடா அத்தப் போயி படம் போட்டுகினு கீற?" என்றது ஆயா.

எவர்சில்வரை இழைத்து இழைத்து நிழல் போட்டால் அலுமினியமாகிவிடும். கன்னங்கரேலென்று ஒரு பட்டை, ஒட்டினாற்போல வெறும் காகித வெள்ளை, அப்போதுதான் பளபளப்பு வரும். கருப்புக்கு 6பி, விளிம்புக்குக் கூராகச் சீவிய எச்பி. பேரின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம். வான்கா 1886இல் வரைந்த தேய்ந்த பூட்ஸ் ஒரு குடியானவப் பெண்ணுடையது என்றார் ஹைடெக்கர். இல்லை, ஓவியருடையதுதான் என்று 1968இல் மறுத்தார் மேயர் ஷாப்பிரோ. எங்க டம்ளரில் அந்தச் சண்டைக்கு இடமில்லை, பேர் இருக்கிறது.

கஷ்டம் நசுங்கலில்தான். நேராக இறங்குகிற வெளிச்சக் கோடு அங்கே வந்து உடையும், வளையும், மறுபடி இறங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கு லாரியில் ஏற்றியபோது விழுந்த நசுங்கல். தலைக்கணக்கு எடுத்தார்கள், சாமான் கணக்கு யாரும் எடுக்கவில்லை. ஓவிய ஆசிரியர் ஒருவர், "நேராக்கிப் போடு, பரீட்சைக்கு அழகா இருக்கும்" என்றார். நேராக்கினால் அது கடை டம்ளர்.

2020இல் பக்கத்துக் கண்ணகி நகரில் சுவர் சுவராகப் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். நல்ல கைத்திறன், மறுக்கவில்லை. சுவருக்கு உள்ளே இருப்பதை நாமதான் போடணும்.

இப்போது எதிர்வீட்டு அக்கா தன் மாமியாரின் அம்மியைப் போட்டுத் தரச் சொல்கிறது. அம்மி இங்கே இல்லை. மாடிக்கு ஏத்த முடியாதென்று ஆத்தோரத்திலேயே விட்டு வந்தது. நானோ பார்த்துப் போடுகிறவன். இல்லாததை எப்படிப் போடறது? அக்கா விடவில்லை. "இம்மா நீளம் இருக்கும்," என்று தரையில் முழம் போட்டுக் காட்டுகிறது. "நடுவுல குழிஞ்சி கீதுபா. எடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. எங்க அத்த எடது கைக்காரி."