வள்ளூர்ச் சாம்பலும் கிணற்று ஜலமும்

எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தின்மீது தடதடவென்று ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி வண்டியில் தூங்கி வழிகிறவர்கள்கூட அந்த இடத்தில் ஒரு முறை கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். கீழே கொசஸ்தலை ஆறு, கிழக்கே கழிமுகம், வடக்கே வானத்தை முட்டும் புகைபோக்கிகள். வெகு நாட்களாக அவற்றை ரயிலிலிருந்தே பார்த்துத் திருப்தியடைந்து வந்த நாங்கள், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டில் இறங்கி நடந்தோம். கையில் ஒரு கூஜா தண்ணீர். அதை எடுத்துவரச் சொன்ன நண்பர் பெரிய தீர்க்கதரிசி என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வள்ளூர் அனல் மின்நிலையத்தின் முதல் யந்திரம் 2012-ல் ஓடத் தொடங்கியது. இப்போது 500 மெகாவாட் யந்திரங்கள் மூன்று. முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு இருபதாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். ஒரிஸ்ஸாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் வரை ரயிலிலும், அங்கிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கப்பலிலும் அது வருகிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல். வீட்டு அடுப்புச் சாம்பலாவது பாத்திரம் தேய்க்க உதவும். இந்த மலையை எங்கே கொட்டுவது? சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போனது போக மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே பெரிய குளங்களுக்கு அனுப்புகிறார்கள்.

அப்படிப்பட்ட குளம் ஒன்றின் கரையை ஒட்டி இருக்கிறது செப்பாக்கம் கிராமம். அந்தக் குளம் வள்ளூர் நிலையத்தினுடையதல்ல; 1990-களில் எழுந்த வடசென்னை அனல் மின்நிலையத்தினுடையது. ஆனால் தண்ணீருக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. சாம்பலில் பாஷாணம், ஈயம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் உண்டு. குளத்துக்கு அடியில் களிமண்ணோ தடித்த விரிப்போ இல்லாவிட்டால், சாம்பலில் ஊறிய நீர் மண்ணுக்குள் இறங்கி, அக்கம்பக்கத்துக் கிணறுகளை நாடிச் செல்லும். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரோ முன்பே நொந்தது. 1960-களின் கடைசியிலிருந்து சென்னைக்காக அங்கே ஆழ்கிணறுகளில் இறைத்த இறைப்பில், கடல் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது.

கரையைப் பார்த்துக்கொண்டே நிற்கையில் எங்களுக்கு ஒன்று தோன்றிற்று: இது தலைகீழாகக் கவிழ்த்த சுரங்கம் அல்லவா? அங்கே தோண்டினார்கள், இங்கே குவித்திருக்கிறார்கள். "தோண்டின குழியிலேயே கொண்டுபோய்க் கொட்டினால் என்ன?" என்றார் நண்பர். புது யோசனையல்ல, தால்சேரிலேயே தெற்கு பலந்தா என்னும் பழைய சுரங்கக் குழியைச் சாம்பலால் நிரப்பி வந்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் 2021-ஆம் வருஷத்து அறிவிக்கையும் அதற்கு இடம் தருகிறது.

ஆனால் குழி என்பது வெறும் பள்ளமல்ல. நெய்வேலியைப் பாருங்கள்: பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் அங்கே வெட்டவே முடியும். சுரங்கத்தை மூடி, பம்புகள் நின்றதும், நீர் பழைய மட்டத்தைத் தேடி மெல்ல ஏறும். அதற்குள் சாம்பலைக் கொட்டிவிட்டால் சாம்பல் நீரிலேயே ஊறிக் கிடக்கும். ஆகையால் முதலில் நீர் எதுவரை ஏறும் என்று கணக்கிட வேண்டும். அடியில் களிமண் இட்டு இறுக்க வேண்டும். சுற்றிலும் மாலைபோல் வாய்க்கால் வெட்டி மழைநீரை வெளியே திருப்ப வேண்டும். சோதனைக் கிணறுகள் போட்டுப் பல வருஷங்கள் ஜலத்தைப் பரிசோதிக்க வேண்டும். மேலே மண் பரப்பி மரம் நடுவது கடைசி வேலை. புகைப்படம் எடுப்பது என்னவோ அதைத்தான்!

இந்த வேலைகள் எல்லாம் எண்ணூருக்கும் பொருந்தும். குழாய்கள் உடைந்து ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றி ஈரநிலத்தைச் சீர்செய்யும்படி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் உத்தரவிட்டது. ஆற்றிலிருந்து வாரும் சாம்பலும் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அந்த இடத்துக்கு அடியில் என்ன விரித்திருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

திரும்பும் வழியில் கூஜா காலியாகிவிட்டது. ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்த பெரியம்மாளிடம் தண்ணீர் கேட்டோம். முற்றத்தில் கிணறு இருந்தது. அந்த அம்மாள் அதன் பக்கம் திரும்பாமல் உள்ளே போய், கடையில் வாங்கி வைத்திருந்த கேனைச் சாய்த்து ஒரு சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தார்கள்.

"கிணற்றுத் தண்ணீர்?" என்று கேட்டோம்.

"அது துணி துவைக்க, ஐயா" என்றார்கள்.