அக்காவின் ஆறு நிமிடங்கள்

மட்டக்குளியில் எங்கள் மாதர் குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும். சீட்டுக்காசு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை என்று கதை போகும். அன்று ஒரு அக்கா மட்டும் மூலையில் பேசாமல் இருந்தார். எல்லோரும் எழும்பிப் போன பிறகு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, என்ர வீடியோவை எடுத்துப்போட்டாங்களாம். நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

அக்கா முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2009 இல் மூத்த மகனைத் தொலைத்தவர். முகாமிலிருந்து வெளியே வந்து, மகளோடு கொழும்பில் குடியேறினார். மகனைத் தேடி அவர் ஏறாத கந்தோர் இல்லை, நிரப்பாத படிவம் இல்லை. கடைசியில் பேத்தியின் கைத்தொலைபேசிக்கு முன்னால் அமர்ந்து, மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் பேசினார். அதை இணையத்தில் ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம். "ஏற்றினோம்" என்று சொல்வதற்குக் காரணம், அதில் என் கையும் உண்டு. இடையில் ஒரு போர்க்காலப் படத்தைச் சேர்க்கும்படி சொன்னவள் நான்தான். ஷெல் விழுந்த கூடாரமும் காயப்பட்டுக் கிடக்கும் பெண்களும் அதில் இருந்தார்கள். பார்ப்பவர் மனம் இளகும் என்று நினைத்தேன்.

மறுநாள் வீடியோ இல்லை. வன்முறைக் காட்சி என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்திருந்தது. கந்தோர்களில் கேட்ட "பிறகு வாங்கோ" போலவேதான் அக்காவுக்கு அதுவும் பட்டது.

இப்படியான தளங்களில் ஒருவர் ஏற்றுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம். பிறகுதான் மனிதர். இயந்திரத்துக்கு இரத்தம் தெரியும். அதைக் காட்டுபவர் அடித்தவரா, அடிபட்டவரா என்பது தெரியாது. 2017 இல் யூடியூப் தீவிரவாதக் காட்சிகளைக் கண்டுபிடிக்க இயந்திரத்தை அமர்த்தியபோது, சிரியாப் போரின் கொடுமைகளை ஆவணப்படுத்தியவர்களின் வீடியோக்களும் பெருந்தொகையாக அகற்றப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், லிபியாவின் தளபதி ஒருவரைக் கைதுசெய்யச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை விடுத்தது. சமூக ஊடகங்களில் வந்த வீடியோக்களே அதற்கு முக்கிய சான்று. ஒரு பக்கம் குப்பையென்று வீசப்படுவது இன்னொரு பக்கம் நீதிமன்றத்தில் சாட்சியாகிறது.

2020 இல் கொரோனாவால் பரிசீலகர்கள் வீட்டிலிருந்தபோது, யூடியூப் இயந்திரத்தையே கூடுதலாக நம்பியது. ஏப்ரல் முதல் யூன் வரையான மூன்று மாதங்களில் 1 கோடி 10 இலட்சத்துக்கும் அதிகமான வீடியோக்கள் நீக்கப்பட்டன. மேன்முறையீடு செய்யப்பட்டவை ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரம்தான். அவற்றில் பாதியளவு திரும்பவும் போடப்பட்டன. அதன்பின் மனிதர்களைக் கூடுதலாக அழைத்துக்கொண்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேருக்குக் கிடைத்தது, மற்றவர்கள் கேட்கவேயில்லை. நம் பெண்களை நினைத்தால், ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சில் கண்டி, திகனையில் முஸ்லிம் மக்களைத் தாக்கியபோது, வெறுப்புப் பதிவுகள் தடையின்றிப் பரவின. தன் பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 இல். 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது, அரசாங்கம் யூடியூப் உட்படப் பல தளங்களை முடக்கியது. அதற்குள்ளேயே காயப்பட்டவர்களின் படங்கள் எங்கள் தெருவில் கைக்குக் கை மாறியதை நான் கண்டேன். தன் தங்கையை அப்படியொரு படத்தில் பார்த்த ஒருத்தியின் அழுகை இன்றும் காதில் இருக்கிறது.

அந்த அழுகையை அறிந்திருந்தும் அக்காவின் வீடியோவில் அந்தப் படத்தைச் சேர்த்தேனே!

நானும் பேத்தியும் மேன்முறையீடு எழுதினோம். பேசுபவர் யார், படம் எந்த ஆண்டுக்குரியது, எதற்காகக் காட்டப்படுகிறது என்று விளக்கினோம். முதல் தடவை தலைப்பைத் தவிர நாங்கள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சில நாட்களில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வீடியோ திரும்பியது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் பார்த்தார். அந்தப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதில கிடக்கிறவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அது இதைப் பாக்க வேணுமோ? என்ர மோனைப் பற்றி நான் சொன்னது காணும். இதை எடுத்துவிடு பிள்ளை."

சமூகவியல் படித்த எனக்கு ஒருவரும் இதைவிடத் தெளிவாக இந்தப் பாடத்தைச் சொல்லித் தரவில்லை. படத்தை நீக்கி, குரலையும் மகனின் முகத்தையும் மட்டும் வைத்துத் திரும்ப ஏற்றினோம். இம்முறை தடையில்லை.

சகோதரிகளே, உங்கள் கதையைப் பதிவு செய்யுங்கள். ஆனால் மூலப் பிரதியை வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்துங்கள்; இணையம் நமது அலுமாரி அல்ல. ஆள், இடம், ஆண்டு, நோக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். உங்களுக்கு ஆபத்து வரக்கூடிய விபரத்தைப் போடாதீர்கள். பிறருடைய முகத்தையும் காயத்தையும் காட்டுமுன் அவர்களை நினையுங்கள். நீக்கினால் உங்கள் கதை பிழையென்று எண்ணாமல் மேன்முறையீடு செய்யுங்கள்.

போன கூட்டத்தில் அக்கா முன்வரிசையில் இருந்தார். வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பேத்தி சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அதில என்ர மோனைக் கண்ட ஆரும் இருக்கினமோ?"