சென்னைக்கு நாலு மணி நேரம்

செப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர்; பறக்கும் நேரம் சுமார் நாலு மணி. காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால், இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் பத்தரை காட்டும். "ஒன்றரை மணி நேரந்தானே, சார்?" என்று மாணவர்கள் சாதிப்பார்கள். திரும்பி வர ஆறரை என்பார்கள்! இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னே. 1982 சனவரியில் நாம் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளும் வரை இரண்டே மணிதான் வித்தியாசம்.

ராஜுலா கப்பல் காலத்தில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் சேரப் பல நாட்களாகும். தாயின் சாவுத் தந்தி கண்டு கிளம்பிய தோட்டத்து மகன் கருமாதிக்குத்தான் போய்ச் சேருவான். இன்று முகம் பார்க்கலாம், விசா கையிலிருந்தால். அதற்கும் செப்பாங்கில் மூன்று மணி நேரக் காத்திருப்பு. ஊர் நாமக்கல் பக்கமென்றால் சென்னையிலிருந்து இன்னும் ஆறேழு மணி நேரப் பஸ் பயணம். ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.