மூன்று தட்டு

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. நீல டர்ஃபின் மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்து முடித்திருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், அம்பத்தூர்ப் பக்கத்துப் பழைய தொழிற்சாலை டீம். எதிரே வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள், அல்லது தாண்டியவர்கள். முழங்காலுக்கு உறை, இடுப்புக்கு பெல்ட், ஒருத்தருக்கு நெஞ்சில் ஸ்டென்ட். நட்பு ஆட்டம் என்றுதான் பேச்சு. பத்து நிமிஷத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

அதற்கு முந்தைய ஜூன் மாதம், 2025-இல், இதே ஸ்டேடியத்தில்தான் ஹாக்கி இந்தியா முதன்முதலாக மாஸ்டர்ஸ் கோப்பை நடத்தியது. நாற்பது தாண்டிய ஆண்கள், முப்பத்தைந்து தாண்டிய பெண்கள். அதைப் பார்க்கப் போன இடத்தில் நாலு பேர் சந்தித்துக்கொண்டோம். டீக்கடையில் முளைத்த யோசனை இது.

அம்பயராக வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சென்டர் பாஸுக்கு விசில் வைக்கப் போனாள். வங்கியின் சென்டர் ஃபார்வர்டு கையை உயர்த்தி நிறுத்தினார்.

“புல்லி போடலாம்மா.”

“சார், அதெல்லாம் இப்போ இல்ல சார். சென்டர் பாஸ்தான்.”

“ஒரே ஒரு தடவை. எங்களுக்காக.”

புல்லி பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுக்கோட்டில் பந்தை வைத்துவிட்டு இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். தரையில் ஒரு தட்டு, பந்துக்கு மேலே மட்டையோடு மட்டை ஒரு தட்டு. இப்படி மூன்று முறை. மூன்றாவது தட்டின் சத்தம் அடங்குவதற்குள் பந்து எவனோ ஒருவனிடம் இருக்கும். 1980 வாக்கில் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு இது இல்லாமல் போய்விட்டது. ஆட்டம் நடுவில் நின்றுபோனால் மறுபடி தொடங்க மட்டும் வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு தட்டு போதும்.

நாங்கள் மூன்று தட்டினோம். பந்து எனக்குத்தான் வந்தது. சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பின்னால் தள்ளிய பந்தை ரைட் ஹாஃப் எனக்கே திருப்பி அடித்தான். பந்து எகிறும் என்று என் மட்டை தானாகத் தரையை விட்டு நாலு விரல்கடை மேலே நின்றது. பந்து எகிறவில்லை. கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி மட்டைக்கு அடியில் புகுந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அன்றைக்கு இதே தப்பை நான் ஐந்தாறு முறை செய்தேன். வங்கிக்காரர்களில் இரண்டு பேரும் செய்தார்கள். அவர்கள் எங்கே ஆடி வளர்ந்தவர்கள் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது.

நான் ஆடி வளர்ந்தது வடக்குப்பட்டு ஏரியில். மார்கழிவரை தளும்பி நிற்கும் ஏரி, சித்திரை பிறந்தால் மதகு ஓரம் எருமை படுக்கிற அளவு சேறு மட்டும் விட்டுவிட்டுக் காய்ந்து கிடக்கும். களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். யாராவது வீட்டுப் பரம்பைக் கேட்டு வாங்கி, ஒற்றை மாட்டைப் பூட்டி இழுத்துச் சமப்படுத்துவோம். இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் வெடிப்பு மறுபடி வாயைத் திறந்துகொள்ளும். பந்து அந்த வெடிப்பின் உதட்டில் பட்டால் முகவாய்க்கு வரும், உள்ளே பட்டால் செத்துப்போய் நிற்கும். எது எப்போது என்று கண் சொல்லாது, மணிக்கட்டுதான் சொல்ல வேண்டும். என் இடது புருவத்தில் இன்றும் இருக்கிற தழும்பு, மணிக்கட்டு கற்றுக்கொள்வதற்கு முன்னால் வாங்கியது.

மட்டை என்பது வேலமரக் கிளை. வளைவு தானாக அமைந்த கிளையைத் தேடி ஏரிக்கரை முழுக்க அலைவோம். நல்ல வளைவு எவனாவது பார்த்துவிட்டால் அடுத்தவனிடம் சொல்ல மாட்டான், ராத்திரியில் போய் வெட்டி வருவான். பந்து மட்டும் அசல். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கார்க் பந்து. தோல் உரிந்து, தையல் பிரிந்து, உள்ளிருக்கும் நூல் வெளியே தொங்கும். பி.டி. மாஸ்டர் அதைக் கொடுக்கும்போது, “கண்ணுல பட்டா எங்கிட்ட வரக் கூடாது” என்பார். பொங்கலுக்குக் கரைத்த சுண்ணாம்பில் மிச்சம் வைத்து அதற்கு வெள்ளை பூசுவோம்.

கோல் கம்பத்துக்கு நத்தமேட்டிலிருந்து கல் பொறுக்கி வந்து அடுக்குவோம். இதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை எங்கள் ஊரில் குழி போட்டது. கண்ணாடி மணி, தங்க நகைத் துண்டு, ரோமானிய ஆம்போரா ஜாடியின் ஓடு எல்லாம் வந்தன. அதற்கும் கீழே கற்கருவிகள். 12,000 வருஷம் என்று பேப்பரில் எழுதினார்கள். ஊரே போய்ப் பார்த்தது, நானும் போனேன். நூல் கட்டிய சதுரக் குழிக்குள் ஒரு பையன் பிரஷ்ஷால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை அளவு கல், ஒரு பக்கம் கூர், மறுபக்கம் கட்டைவிரல் உட்காருகிற மாதிரி சின்னப் பள்ளம். எங்கள் கோல் கம்பத்தில் அந்த மாதிரி எத்தனை இருந்ததோ! நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

என் முதல் அசல் மட்டையை அண்ணன் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தார். ஜலந்தரில் செய்த மல்பெரிக் கட்டை, தலை சின்னதாகச் சுருண்டிருக்கும். கைப்பிடியில் முந்தைய ஆளின் வியர்வை கறுத்துப் போயிருந்தது. ஆளிவிதை எண்ணெய் தடவித் தடவி வைத்திருந்தேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. மட்டை இன்னும் பரணில் இருக்கிறது.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து உலகக் கோப்பை வாங்கியபோது டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்றோம். வர்ணனை பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் அந்த டீமில் நம் மெட்ராஸ் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். பந்து வலது ஓரம் போகும்போதெல்லாம் அவர் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். அடுத்த வருஷம் மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கியை முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் வைத்தார்கள். இந்தியாவுக்கு ஏழாவது இடம். பி.டி. மாஸ்டர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு, “பாய் விரிச்ச மாதிரி இருக்குமாம்டா, எகிறவே எகிறாதாம்” என்று மட்டும் சொன்னார். 1980-இல் மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வந்தது. அதற்குள் நான் படப்பை வழியாகத் தாம்பரம் போய், மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஏறி, எழும்பூருக்கு லீக் ஆடப் போகிறவனாகியிருந்தேன். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று எதிரே நிற்பவர்களின் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். எழும்பூருக்கு டர்ஃப் வந்தபோது எனக்கு வயதும் முட்டியும் முந்திக்கொண்டன.

ஏரி இருக்கிறது. உள்ளே சீமைக்கருவேலம், கோடையிலும் நுழைய முடியாது. ஏரிக்கு மேற்கே, மழைக்காலத்தில் நாங்கள் ஆடிய மேய்க்கால் வெளியில் இப்போது டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்தார்கள், 2010-இல் ஒரகடத்திலும். எங்கள் வீட்டுப் பையன்களுக்கும் அதில்தான் சோறு. ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ், லைன் வீடுகள், ஒடியா பேசும் மளிகைக் கடை.

ஆட்டத்தில் 2-1 என்று தோற்று, தொடை பிடித்துக்கொண்டு, மத்தியானம் வீட்டு வாசலில் இறங்கினேன். பக்கத்து லைன் வீட்டுப் பையன் நைட் ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். தோளில் தொங்கிய மட்டைப் பையைப் பார்த்ததும் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

“அங்கிள், ஹாக்கி?”

ஒடிசாவில் சுந்தர்கட் மாவட்டத்துக்காரனாம். ஹாக்கி வீரர் திலீப் திர்க்கி பிறந்த மாவட்டம். அவன் ஊரில் போட்டி வைத்தால் ஜெயிக்கிற டீமுக்கு ஆட்டுக்கடா பரிசு. இதைக் கொஞ்சம் தமிழிலும் கொஞ்சம் இந்தியிலும் மிச்சம் கையாலும் சொன்னான். ஒரு வருஷமாக என் பக்கத்துச் சுவரில் இருக்கிறவன்.

பையிலிருந்த புது மட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, பேரனைப் பரணில் ஏற்றிப் பழையதை எடுக்கச் சொன்னேன். வாசல் சிமென்ட் தரையில் பந்தை வைத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. காலை அகட்டி எதிரே நின்றான். தரையில் தட்டினோம், மட்டையோடு மட்டை தட்டினோம். நான் இரண்டாவது தட்டுக்குத் தரைக்கு இறங்கும்போது பந்து அவனிடம் இருந்தது. முருங்கை மரத்தைச் சுற்றி அதை உருட்டிக்கொண்டு ஓடினான்.