எட்டு ரூபாய்க்கும் ஐந்தொகை வேண்டும்!

செட்டிநாட்டுப் பக்கம் கணக்கு எழுதாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில், அங்கிருக்கும் கடையின் வரவு செலவு முழுவதும் 'ஐந்தொகை'யாக எழுதப்பட்டு இங்கே முதலாளி வீட்டுக்கு வந்துவிடும். மூன்று வருடத் தவணைக்கு அங்கே போன ஏஜென்ட் ஊர் திரும்பும்போது ஒரு அணாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைக்கூட, கரண்டி முதல் அண்டா வரை வரிசையாக எழுதி வைப்பார்கள்.

எங்க ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், அப்படி ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் அடிக்கடி சொல்வார்: "கணக்குக் கேக்கிறது சந்தேகப்படுறது இல்லத்தா. பொருள் மேல அக்கறை இருக்கிறவன்தான் கேப்பான்."

கடன் கொடுத்த பணத்துக்கு இத்தனை கணக்குப் பார்த்த ஊர் இது. ஆனால், நம் பிள்ளைகளுக்காக அரசாங்கம் செலவழிக்கும் பணத்துக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்? பேத்தியைத் தினமும் பால்வாடிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது.

அங்கன்வாடி என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்கள் பக்கத்தில் அது இன்னும் 'பால்வாடி'தான். பணியாளர் 'டீச்சர்'. உதவியாளர் 'ஆயா'. தமிழ்நாட்டில் இப்படி சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் சோதனையாக ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி இவைதான்.

ஒரு அணாவில் ஆரம்பித்தது

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நம் மாநிலத்துக்கு நூறு வருடக் கதை உண்டு. 1920-இல் நீதிக்கட்சியின் பி.தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அன்றைய நிபந்தனை. பிறகு மேலும் சில பள்ளிகளுக்கு அது போனது. ஆனால், கல்விக்கான நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்க அன்றைய அரசு அனுமதி மறுத்ததால், சில வருடங்களிலேயே நின்றும் போனது.

அடுத்து காமராஜர் காலம். 1956-இல் ஊர் மக்கள் கொடுத்த அரிசி, பருப்பு, பணத்தை வைத்துத்தான் பல பள்ளிகளில் மதிய உணவு நடந்தது. மறு வருடம் அரசு தன் பங்கைப் போட ஆரம்பித்தது. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் 2 வயதுப் பிள்ளைக்கும் இடம் கிடைத்தது. 1989-இல் முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

இந்தக் கதையில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. ஊர் மக்கள் அரிசி கொடுத்தபோது அது தர்மம். தர்மச் சோற்றில் உப்பு குறைவு என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால், இன்று பால்வாடிச் சோறு நம் வரிப் பணத்தில் வேகிறது. தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் நாம் கட்டும் பணம்தான் அது. அப்படியிருந்தும் பலர் அதை இன்னும் தர்மச் சோறாகவே நினைக்கிறோம். 'இலவசமா போடுறாங்க, இதுல என்ன கேள்வி?' என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

8 ரூபாயின் கணக்கு

பால்வாடிக்கு வரும் சாதாரணப் பிள்ளைக்கு ஒரு நாள் உணவுச் செலவு 8 ரூபாய் என்பது மத்திய அரசு 2017-இல் நிர்ணயித்த அளவு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. கடுமையான எடைக் குறைவுள்ள பிள்ளைக்கு 12 ரூபாய். இதில் பாதி மத்திய அரசுடையது, பாதி மாநில அரசுடையது. தமிழ்நாடு முட்டை, பயறு, சத்துமாவு என்று தன் பங்குக்குக் கூடுதலாகவும் போடுகிறது.

வருடத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால், 8 ரூபாய்க் கணக்கில் ஒரு பிள்ளைக்கு 2,400 ரூபாய். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்க 8 ரூபாய் போதாது. அந்தக் காசில் மூன்று வயதுப் பிள்ளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தபோது சொன்னது.

தொகை சின்னதாக இருக்கும்போதுதான் கணக்கு முக்கியமாகிறது. பெரிய வீட்டில் ஒரு படி அரிசி குறைந்தால் தெரியாது. 8 ரூபாயில் 2 ரூபாய் குறைந்தால், பிள்ளையின் தட்டில் கால்வாசி காணாமல் போய்விடும்.

தராசு சொல்லாத எடை

என் பேத்திக்கு மூன்று வயது முடிந்த சமயம். காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்து எழுந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பால்வாடி வளர்ச்சி அட்டையில் மட்டும் மாதம் தவறாமல் 200 கிராம் ஏறிக்கொண்டே இருந்தது. 10.8, 11, 11.2 கிலோ. கணக்குப்பிள்ளை பேத்திக்கு இது இடித்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு எப்படி எடை ஏறும்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனேன். அங்கே நிறுத்தபோது 10.4 கிலோ.

வித்தியாசம் முக்கால் கிலோதானே என்று நினைக்கலாம். மூன்று வயதுப் பெண் குழந்தை 10.8 கிலோவுக்குக் கீழே போனால் எடைக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அட்டைப்படி அவள் கோட்டுக்கு மேலே பச்சையில் இருந்தாள். நிஜத்தில் கோட்டுக்குக் கீழே போய்விட்டாள்.

டீச்சரிடம் தனியாகக் கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு கண் கலங்கிவிட்டார். "அக்கா, தராசு ரிப்பேராகி நாலு மாசம் ஆச்சு. மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். எடை போடாம விட்டா மீட்டிங்ல நிக்க வச்சுக் கேக்கிறாங்க. தராசு எப்ப வரும்னு நான் கேட்டா பதில் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. அவர் கையில்தான் எத்தனை வேலை! பிள்ளைகளுக்குப் பாட்டு, பாடம், சமையல் மேற்பார்வை, தடுப்பூசி நாளில் வீடு வீடாக அழைப்பு, கர்ப்பிணிகளின் பதிவு, இதற்கு மேல் போன். 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியில் வருகையும் எடையும் உயரமும் ஏற்ற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவு போன்ற உணவை வாங்க வரும் தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறையும் 2025-இல் கட்டாயமானது.

இவ்வளவுக்கும் மத்திய அரசின் கணக்கில் அவர் ஊழியர் கிடையாது, 'மதிப்பூதியம்' பெறும் தொண்டர். 2018 அக்டோபரிலிருந்து அந்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு அதற்கு மேல் தருவதால்தான் இங்கே நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

மேலே இருப்பவர்கள் எண்ணைக் கேட்டார்கள். எண் போனது. எல்லா அட்டையும் பச்சை. ஐயா இருந்திருந்தால், 'பேரேடு சரியா இருக்கு, பெட்டகம் காலியா இருக்கு' என்றிருப்பார்.

கண்காணிப்பு எதற்கு?

கேட்பாரில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கொடுத்த விலை பெரியது. 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் சத்துணவு சமைக்கும் இடத்திலிருந்து கிளம்பிய தீ, கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைக் கொன்றது. சமைக்கும் இடம் எங்கே, கூரை எதனால் ஆனது, வெளியேற எத்தனை வழி என்பதெல்லாம் யாராவது முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டியவை.

இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் கதையும் இதுதான். மாமல்லபுரத்தில் ஆதரவற்ற குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007-இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து ஒரு வழக்குப் பிறந்தது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம், எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், முறையாக ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. பிள்ளைகள் சத்தம் போட்டுக் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. அதனால் பெரியவர்கள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதே சமயம், கணக்குக் கேட்பதிலும் இரண்டு விதம் உண்டு. 1920-களில் கேட்ட கணக்கு சோற்றை நிறுத்தியது. 2001-இல் பி.யு.சி.எல். அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்ட கணக்கு, நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த சோறு போட வைத்தது. எங்கள் தேவை இரண்டாவது வகை.

தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி

நாங்கள் ஆறேழு பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். டீச்சர் பெயரை எங்கேயும் குறிப்பிடவில்லை. 'மையத்தில் எடை பார்க்கும் கருவி நான்கு மாதமாக இயங்கவில்லை. பிள்ளைகளின் சரியான எடை எங்களுக்குத் தெரிய வேண்டும்.' இரண்டே வரி. அக்டோபர் 2 கிராம சபையில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னோம். 'இதெல்லாம் சபையில பேசுற விஷயமா?' என்று ஒருவர் சிரித்தார். 'ரோடு, சாக்கடை பேசுறீங்கல்ல, பிள்ளையையும் பேசுங்க' என்று என் மருமகள் பட்டென்று சொன்னாள்.

தீபாவளிக்குப் பிறகு புதுத் தராசு வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி நிறுத்தார்கள். என் பேத்தியோடு இன்னும் சில பிள்ளைகளும் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அதில் ஒருத்தியின் அம்மா திருப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பத்தாவிடம் வளரும் பிள்ளை. அவளைத் தூக்கிப்போய் டாக்டரிடம் காட்டியபோது ரத்தம் குறைவாக இருப்பது தெரிந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். பழைய அட்டையில் அவளும் பச்சைதான்.

நீங்களும் கேட்கலாம்

இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். தராசு வேலை செய்கிறதா? வாரத்துக்கு எத்தனை முட்டை வர வேண்டும், எத்தனை வந்தது? காலியாக இருக்கும் பணியிடம் எப்போது நிரம்பும்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சமூகத் தணிக்கைக்கு இடம் இருக்கிறது. பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய், பதிவேட்டை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெற்றோரை இழந்தோ, அம்மா மட்டும் தனியாகவோ வளர்க்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், 'மிஷன் வாத்சல்யா'வில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு வழி இருக்கிறது. குடும்ப வருமானம் கிராமத்தில் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

பால்வாடி டீச்சரைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக இதைக் கேட்காதீர்கள். அவருக்குத் துணையாக நின்று, அவர் மேலே எழுதிக் கேட்டதைச் சேர்ந்து கேளுங்கள். எங்கள் ஊர் டீச்சர் இப்போதெல்லாம் ஒரு பொருள் வராவிட்டால் எங்களிடம்தான் முதலில் சொல்கிறார்.

பேத்தி போன வாரம் 11.6 கிலோ. நானே பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தேன். அடுத்த சபைக்கு எங்கள் கேள்வி தயார். மையத்துக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது வரும்?